ஒருவருக்குக் கல்லூரி, இருவருக்கும் ஊர் மாற்றம்



நம் தீவுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் சில ஆண்டுகளாக ஒரு புதிய கேள்வி எழுந்து வருகிறது. கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்கிறது. கல்லூரியோ கடலுக்கு அப்பால் இருக்கிறது. மற்றவர் என்ன செய்வது? வேலையை விட்டுவிட்டுக் கூடவே போவதா? இங்கேயே இருந்து பணம் அனுப்புவதா? பிள்ளைகள் யாருடன் இருப்பது? மகனையோ மகளையோ படிக்கக் கப்பலேற்றி அனுப்புவது நமக்குப் பழகிப்போன விஷயம். வாழ்க்கைத் துணையைப் படிக்க அனுப்புவது அப்படியல்ல. அதற்கு முன்மாதிரி நம் வீடுகளில் குறைவு. அறிவுரை சொல்லும் பெரியவர்களுக்கும் அது புதிது.

என் மனைவி எம்.பி.பி.எஸ். முடித்துத் தீவில் ஒப்பந்த அடிப்படையில் மருத்துவராகப் பணியாற்றி வந்தவர். 2022 பிப்ரவரியில் சென்னையில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவ எம்.டி. படிப்பில் சேர்ந்தார். நான் கடைகளுக்குக் கணக்கு எழுதி, வரிப் படிவங்கள் தாக்கல் செய்து பிழைப்பவன். அப்போது எங்கள் மகளுக்கு வயது ஆறு. அந்த ஆண்டுகளில் நாங்கள் கண்டதையும், விதிகளைப் படித்தும் விசாரித்தும் நான் தெரிந்துகொண்டதையும் நம் சங்க மலர் வழியாகப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய ஊருக்குப் போகும்போது, படிப்பவருக்காக ஒரு கல்லூரி காத்திருக்கிறது. வகுப்பு, விடுதி, சக மாணவர்கள், நாள் முழுவதற்குமான வேலை எல்லாம் தயாராக இருக்கின்றன. கூடப் போகிறவருக்காக அங்கே எதுவும் காத்திருப்பதில்லை. ஆகவே படிக்காத துணைக்கு என்ன வேலை, என்ன வருமானம், என்ன பொழுது என்பதை முடிவு செய்த பிறகுதான் பெட்டி கட்ட வேண்டும். மற்ற எல்லாக் கணக்குகளும் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

இந்தக் கேள்வி ஏன் இப்போது?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது வயது வரம்பு. எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கான நீட் தேர்வு எழுதப் பொதுப் பிரிவினருக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று உச்ச வயது வரம்பு விதியில் இருந்தது. வழக்குகள் நடந்த சில ஆண்டுகள் அது தளர்ந்திருந்தது. 2022 மார்ச் மாதம் தேசிய மருத்துவ ஆணையம் அந்த வரம்பையே நீக்கிவிட்டது. அதற்கு முன்பே, 2020இல், ஒடிசாவில் ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவர் தம் 64ஆவது வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. திருமணமான பிறகும், பிள்ளை பெற்ற பிறகும் மருத்துவம் படிக்கலாம் என்ற நினைப்பு பலருக்கும் இதனால் வந்திருக்கிறது.

இரண்டாவது காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2015இல் போர்ட் பிளேரில் அந்தமான் நிக்கோபார் தீவுகள் மருத்துவ அறிவியல் நிறுவனம், அதாவது நாம் சுருக்கமாகச் சொல்லும் ‘அனிம்ஸ்’, நூறு எம்.பி.பி.எஸ். இடங்களுடன் தொடங்கப்பட்டது. பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்துடன் இணைந்தது அது. ஜி.பி. பந்த் மருத்துவமனைதான் அதன் பயிற்சி மருத்துவமனை. அதுவரை தீவில் மருத்துவக் கல்லூரியே இல்லை. மத்திய ஒதுக்கீட்டு இடங்களை நம்பி நம் பிள்ளைகள் பெருநிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்று இங்கிருந்து படிக்கப் போகிறவர்களும் உண்டு. அகில இந்திய ஒதுக்கீட்டில் அங்கிருந்து இங்கே படிக்க வருகிறவர்களும் உண்டு. இரு திசையிலும் குடும்பங்கள் நகர்கின்றன.

எத்தனை ஆண்டுக் கணக்கு?

ஊர் மாற்றம் பற்றிப் பேச உட்காரும் தம்பதியர் முதலில் ஆண்டுகளைச் சரியாக எண்ண வேண்டும். எம்.பி.பி.எஸ். என்பது நாலரை ஆண்டுப் படிப்பும், ஓராண்டுக் கட்டாயப் பயிற்சி மருத்துவர் பணியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டுகள். 2023ஆம் ஆண்டு விதிகளின்படி சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும். வருகைப் பதிவு எழுத்துப் பாடத்துக்கு 75 சதவீதமும் செய்முறைக்கு 80 சதவீதமும் இருக்க வேண்டும். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, மகனுக்குக் காய்ச்சல் என்று அடிக்கடி தீவுக்கு வந்து போக இந்தப் பதிவேடு இடம் கொடுக்காது.

எம்.டி., எம்.எஸ். படிப்புகள் மூன்று ஆண்டுகள். ஆனால் மூன்று என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். பல மாநிலங்களில் அரசுக் கல்லூரியில் முதுநிலை முடித்தவர் கட்டாயப் பணி செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை காலம், செய்யாவிட்டால் எவ்வளவு தொகை என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அவ்வப்போது மாறவும் செய்கிறது. எங்களுடைய மூன்று ஆண்டு இதனால் நான்காயிற்று. கல்லூரியில் சேரும்போது கையெழுத்திடும் தாள்களில் இதுவும் ஒன்று. அந்தத் தாளைப் படிப்பவர் மட்டும் வாசித்தால் போதாது. அந்த ஆண்டுகளில் துணையின் ஆண்டும் அடங்கியிருக்கிறது.

வருமானத்திலும் இரண்டு படிப்புக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதுநிலை மாணவர் மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே படிக்கிறார். மாதந்தோறும் உதவித்தொகை வருகிறது. எம்.பி.பி.எஸ். மாணவருக்கு முதல் நாலரை ஆண்டும் வருமானம் கிடையாது. பயிற்சி ஆண்டில்தான் உதவித்தொகை. ஆக, எம்.பி.பி.எஸ். சேரும் ஒருவரின் துணை நாலரை ஆண்டு ஒற்றைச் சம்பளத்தில் குடும்பம் நடத்த வேண்டும். அவர் வேலையை விட்டுவிட்டுக் கூடப் போவது என்றால், அந்த ஒற்றைச் சம்பளமும் போய்விடுகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் ‘அவர்கள் போகவில்லையா, நாமும் போகலாம்’ என்று கிளம்புவது ஆழம் தெரியாமல் காலை விடுவது போன்றது.

மாற்ற முடிவது எது, முடியாதது எது?

பெருநிலத்தில் வாழ்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. திருச்சியில் கணவன், மதுரையில் மனைவி என்றால் வாரக் கடைசியில் பேருந்து ஏறிவிடலாம். நமக்கும் சென்னைக்கும் நடுவே ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. கப்பலில் சுமார் மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் என்றாலும், விடுமுறைக் காலத்தில் டிக்கெட் விலை நடுத்தரக் குடும்பத்தைக் கலங்க வைக்கும். வாராவாரம் சந்திப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று முறை.

சரி, ஓராண்டு கழித்துக் கல்லூரியை மாற்றிக்கொள்ளலாமா? அதை நம்பித் திட்டமிடக் கூடாது. முதுநிலையில் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மாற விதிகள் அனுமதிப்பதில்லை. இளநிலையிலும் 2023ஆம் ஆண்டு விதிகள் இடமாற்றத்தைத் தடை செய்தன. எனவே கல்லூரி என்பது நட்ட கல். கடலும் நகராது. நகரக் கூடியது துணையின் வேலை ஒன்றுதான். எல்லாப் பாரமும் அதன் மேல்தான் விழுகிறது.

இதனால் ஒரு காரியம் மிக முக்கியமாகிறது. கலந்தாய்வின்போது கல்லூரிகளின் பெயர்களை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தி விருப்பப் பட்டியல் பதிவு செய்கிறார்கள் அல்லவா, தம்பதியரின் உண்மையான முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது. இடம் ஒதுக்கப்பட்ட பிறகு பேசுவதற்கு அதிகம் மிச்சமிருக்காது. நாங்கள் அந்தப் பட்டியலை இரவில் சாப்பாட்டு மேசையில் வைத்து இருவருமாக எழுதினோம். சென்னையை மேலே வைத்ததற்கு இரண்டு காரணங்கள். நேர் விமானமும் நேர் கப்பலும் இருப்பது ஒன்று. என் தொழிலைச் சென்னையிலிருந்து தொடர முடியும் என்பது இன்னொன்று. புகழ் பெற்ற வேறொரு வடநாட்டுக் கல்லூரி எங்கள் பட்டியலில் கீழே இறங்கியது அப்படித்தான்.

முன்னோர் நடந்த மூன்று வழிகள்

இது நம் காலத்துப் புதுச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். இந்தியப் பெண்கள் மருத்துவம் படிக்கத் தொடங்கிய நாளிலேயே இது பிறந்துவிட்டது. மூன்று குடும்பங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆனந்திபாய் ஜோஷியின் கணவர் கோபால்ராவ் அஞ்சல் துறை ஊழியர். 1883இல் ஆனந்திபாய் தனியாகக் கப்பலேறி அமெரிக்கா சென்று, பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கோபால்ராவ் பின்னர்தான் அங்கே போய்ச் சேர்ந்தார். 1886 மார்ச்சில் ஆனந்திபாய் பட்டம் பெற்றார். காசநோயுடன் நாடு திரும்பி, 1887 பிப்ரவரியில் 21 வயதில் மறைந்தார். ஒருவர் தனியே போவது முதல் வழி.

மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி சென்னையில் வழக்கறிஞராக இருந்தவரின் மனைவி. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். அப்போது வீடும் கல்லூரியும் ஒரே ஊர். மேற்படிப்புக்காக 1878இல் பிள்ளைகளுடன் இங்கிலாந்து போனார். கணவர் சென்னையில் தம் தொழிலைத் தொடர்ந்தார். 1882இல் லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, 1883இல் சென்னை திரும்பினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று வழங்கும் பெண்கள் மருத்துவமனை 1885இல் தொடங்கியது அவருடைய முயற்சியால்தான். பிள்ளைகள் ஒருவருடன், வருமானம் மற்றவருடன் என்று குடும்பம் பிரிந்து நிற்பது இரண்டாவது வழி.

நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1925இல் மேற்பயிற்சிக்காக லண்டன் சென்றபோது குடும்பமாகவே சென்றார். எல்லோரும் சேர்ந்து போவது மூன்றாவது வழி.

இந்த மூன்றில் எது சிறந்தது என்று கேட்பதில் பயனில்லை. ஒவ்வொரு வீட்டிலும் மற்றவரின் தொழில் எப்படிப்பட்டது என்று பாருங்கள். அஞ்சல் துறைச் சம்பளமும் சென்னை நீதிமன்றத் தொழிலும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகக் கூடியவை அல்ல. நாமும் இதே அளவுகோலைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

கடல் தாண்டும் வேலை, தாண்டாத வேலை

நான் என் வேலையை ஒரு தாளில் இரண்டாகப் பிரித்து எழுதினேன். ஜி.எஸ்.டி. படிவங்கள் இணையத்தில் தாக்கல் செய்பவை. மாதம் 11, 20 தேதிகளில் கெடு. அவற்றை எங்கிருந்தும் செய்யலாம். ஆனால் அபர்தீன் பஜாரில் கடை கடையாகப் போய் ரசீதுக் கட்டுகளை வாங்குவது, கடைக்காரர் மனக்கணக்கில் வைத்திருப்பதைக் கேட்டு எழுதுவது, அலுவலகத்தில் நேரில் போய் நிற்பது ஆகியவை கடல் தாண்டாதவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020க்கு முன் என்றால் இந்த யோசனையே எழுந்திருக்காது. செயற்கைக்கோள் இணைப்பை நம்பி நாம் இணையத்துக்குப் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். சென்னையிலிருந்து நம் தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பி 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் இங்கிருந்து ரசீதுகளைப் படம் எடுத்து அனுப்புவதும், அங்கிருந்து முகம் பார்த்துப் பேசுவதும் நடைமுறைக்கு வந்தன.

தாண்டாத வேலைக்கு என் சித்தப்பா மகனைப் பகுதி நேரமாக வைத்தேன். என்னிடம் கணக்கு வைத்திருந்த பதினெட்டுக் கடைகளில் பதினொன்று நிலைத்தன, ஏழு போயின. முகம் பார்க்காத கணக்குப்பிள்ளை வேண்டாம் என்று அவர்கள் நினைத்ததில் தவறில்லை. அந்த ஏழின் வருமானத்தையும் ஊர் மாற்றச் செலவில் ஒன்றாக முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால் தாங்க முடிந்தது. வீட்டு வாடகை, அட்வான்ஸ், விமான டிக்கெட் எல்லாவற்றையும் எழுதுகிறவர்கள் இந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் துணை ஆசிரியராகவோ, மீன் வியாபாரியாகவோ, ஒப்பந்தக்காரராகவோ, தையற்கடை வைத்தவராகவோ இருக்கலாம். எந்தத் தொழிலானாலும் இந்தத் தாளை எழுதலாம். தாண்டும் பக்கம் வெறுமையாக இருந்தால், சேர்ந்து போவதைவிட ஒருவர் இங்கே இருந்து வருமானத்தைக் காப்பதே குடும்பத்துக்கு நல்லது. அதில் வெட்கப்படவோ, பாசம் குறைந்துவிட்டதாக நினைக்கவோ ஒன்றுமில்லை.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு

தீவு நிர்வாகத்தில் நிரந்தரப் பணியில் உள்ள தமிழர் பலர் இருப்பதால், விடுப்பு விதிகளைத் தனியே சொல்கிறேன். மத்திய அரசு ஊழியர் விடுப்பு விதிகள் 1972இன்படி, ஐந்தாண்டுத் தொடர் பணி முடித்தவருக்குப் படிப்பு விடுப்பு கேட்கத் தகுதி உண்டு. பொதுவாக ஒரு முறைக்கு 12 மாதம், பணிக்காலம் முழுவதற்கும் 24 மாதம். மத்திய சுகாதாரப் பணி மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்புக்கு 36 மாதம். இது உரிமையல்ல, பணியின் தேவையைப் பார்த்து அளிக்கப்படுவது. திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் பணியாற்றுவதாக ஒப்பந்தமும் எழுதித் தர வேண்டும்.

இது படிக்கிறவருக்கு. கூடப் போகிற துணைக்கு இந்த விடுப்பு கிடையாது. அவர் கேட்கக் கூடியது சம்பளமில்லா அசாதாரண விடுப்பு. எந்த வகை விடுப்பானாலும் தொடர்ந்து ஐந்தாண்டுக்கு மேல் இருக்க முடியாது. ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பை இந்த விடுப்பால் முழுவதும் மூட முடியாது என்பதைக் கவனியுங்கள். கணவன் மனைவி ஒரே ஊரில் பணியாற்றுவது பற்றி மத்திய அரசு 1986லும் 2009லும் வெளியிட்ட ஆணைகள் வேலையில் இருக்கும் தம்பதியரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மாணவரான துணையைக் காட்டி அவற்றின்படி இடமாற்றம் உரிமையாகக் கேட்க இயலாது.

பிள்ளைகளுடன் தீவில் தங்கும் தாய் அரசு ஊழியராக இருந்தால் அவருக்கு ஒரு வசதி உண்டு. 18 வயதுக்குட்பட்ட மூத்த இரு பிள்ளைகளுக்காகப் பணிக்காலத்தில் மொத்தம் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பெறலாம். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளமும், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதமும் உண்டு. கணவர் பெருநிலத்தில் படிக்கும்போது, தேர்வு முடிந்த இடைவெளியில் பிள்ளைகளை அழைத்துப்போய் ஒரு மாதம் சேர்ந்திருக்க இதைப் பயன்படுத்தலாம்.

சேர்ந்து போனாலும் தனிமை உண்டு

முதுநிலை முதலாண்டு எப்படிப்பட்டது என்று மருத்துவர் வீடுகளுக்குத் தெரியும். காலையில் போனவர் மறுநாள் மாலை வருவார். வந்ததும் சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் தூங்கிவிடுவார். 2023 டிசம்பரில் வந்த முதுநிலை விதிகள் நியாயமான வேலை நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு என்று சொல்கின்றன. அப்படி எழுத வேண்டி வந்ததிலிருந்தே நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். ஒரே வீட்டில் இருந்தும் வாரத்தில் மூன்று நாள் என் மகள் அவள் அம்மாவை விழித்த நிலையில் பார்க்கவில்லை.

இதோடு மாவட்ட மருத்துவமனைப் பயிற்சி என்று ஒன்று உண்டு. முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் மூன்று மாதம் ஒரு மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். சென்னைக்குக் குடும்பத்தோடு வந்த எங்களுக்கும், நடுவில் மூன்று மாதம் மனைவி வேறு மாவட்டத்தில், நானும் மகளும் சென்னையில் என்றாயிற்று.

அப்படியானால் எதற்காகக் கூடப் போனீர்கள் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். துணையின் முகம் பார்த்துப் பொழுது போக்குவதற்காக என்றால் போகாமல் இருப்பதே மேல். ஏமாற்றமும் மனத்தாங்கலும்தான் மிஞ்சும். நான் போனது மகள் தாயின் வாசனையோடு வளர வேண்டும் என்பதற்காகவும், என் மனைவி வீடு திரும்பும்போது அங்கே சூடான ரசமும் திறந்த கதவும் இருக்க வேண்டும் என்பதற்காகவும். அதை முதலிலேயே இருவரும் பேசித் தெளிந்திருந்ததால், காத்திருந்த இரவுகளில் கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன்; வந்த கோபம் விடியும் வரை நிற்கவில்லை.

‘மனைவி படிக்க, புருஷன் சமைக்கிறானாம்’ என்ற பேச்சும் காதில் விழுந்தது. கணவர் படிக்கப் போய், மனைவி வேலையை விட்டுக் கூடப் போயிருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். வேலையை இழப்பதன் வலி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதனால்தான் வேலையின் கணக்கை முதலில் போடச் சொல்கிறேன். எனக்கென்று பதினொரு கடைகளும் மாதம் இரண்டு கெடு தேதிகளும் இருந்தது அந்த வீட்டில் என்னை நிமிர்ந்து நிற்க வைத்தது.

வீடு பார்க்கும்போது ஒன்றைக் கவனித்தோம். மருத்துவமனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், இரவில் ஆள் நடமாட்டமுள்ள தெருவில் சின்ன வீடு. புறநகரில் இதே வாடகைக்குப் பெரிய வீடு கிடைத்திருக்கும். ஆனால் முப்பது மணி நேரம் கண் விழித்தவருக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம் ஒரு மணி நேரத் தூக்கத்தின் இழப்பு. முதுநிலை மாணவர் விடுதியில்தான் தங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும் அந்த 2023 விதிகளே கூறுகின்றன.

பிள்ளைகளும் பத்திரங்களும்

தமிழ்நாடு நமக்குச் சொந்த ஊர்தானே, என்ன சிரமம் என்று தோன்றும். தீவில் பிறந்த பிள்ளைக்கு அது அயலூர். வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் ராஞ்சிக்காரரும் சேர்ந்து விளையாடும் தெருவில் இந்தி பேசி வளர்ந்த குழந்தை, சென்னை வகுப்பறையில் தன் தமிழுக்காகக் கேலி பட்டுக்கொண்டு வீடு வந்தாள். நாலைந்து மாதத்தில் சரியாயிற்று. நம் தீவுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்தைச் சேர்ந்தவை. அங்கும் அதே பாடத்திட்டப் பள்ளியைத் தேடினால், திரும்பி வரும்போது சிரமம் குறையும். மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கேந்திரிய வித்யாலயா நல்ல வழி.

ஒரு எச்சரிக்கை. தீவு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கேட்கும் மாணவர் இங்கே பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வைக்கப்படுவது வழக்கம். மேல் வகுப்புகளில் இருக்கும் பிள்ளையைப் பெருநிலப் பள்ளிக்கு மாற்றும் முன், நிர்வாகம் வெளியிடும் சேர்க்கைக் குறிப்பேட்டை வாங்கி வரி விடாமல் படியுங்கள். தாயின் எம்.டி.க்காகப் போய், மகளின் எம்.பி.பி.எஸ். இடத்தை இழந்துவிடக் கூடாது. கப்பல் கட்டணச் சலுகைக்கு வேண்டிய தீவுவாசி அட்டை, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை ஆகியவற்றையும் கிளம்பும் முன் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே படிக்க வருகிறவர்களுக்கு

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். பெருநிலத்திலிருந்து அனிம்ஸில் சேர வருகிறவரின் துணைக்கும் சில வார்த்தைகள். போர்ட் பிளேரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. பேச்சில் பழைய பெயரும் வழங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தீவுகளில் சுமார் 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். கடைத்தெருவில் தமிழ் போதும். அலுவலகத்தில் இந்தி வேண்டும். மருத்துவமனை அட்லாண்டா பாயிண்டில், செல்லுலார் சிறைக்கு அருகில் இருக்கிறது. காராசெர்மா, டாலிகஞ்ச் பக்கம் தங்கினால் போக்குவரத்து நேரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். ஆண்டில் பாதிக்கு மேல் மழை. ஆனாலும் கோடையில் குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். வீட்டில் தொட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தனியார் வேலை இங்கே குறைவு. சுற்றுலா, கட்டுமானம், வணிகம் தவிர்த்தால் பெரும்பாலும் அரசுப் பணிதான். ஆகவே வரும் துணை, கடலடிக் கம்பி வழியாகச் செய்யக் கூடிய வேலையையோ, வங்கி, மத்திய அரசு போன்ற இடமாற்றம் கிடைக்கும் வேலையையோ கையில் வைத்துக்கொண்டு வருவது நல்லது.

நம் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வந்த மருத்துவ மாணவரைப் பொங்கல் விழாவுக்கு அழைக்கிறோம்; மேடையில் ஏற்றுகிறோம். அவர் பணி முடியாமல் வர இயலாமலும் போகலாம். வீட்டில் தனியாக இருக்கும் அவர் கணவரையோ மனைவியையோ பெயர் சொல்லி அழையுங்கள். என்ன வேலை தெரியும் என்று கேளுங்கள். நம்மில் யாருக்காவது அந்த வேலை தெரிந்த ஆள் தேவைப்படலாம்.

நிறைவாக

இடம் ஒதுக்கப்பட்ட பிறகு கல்லூரியில் சேரச் சில நாட்களே தருவார்கள். அந்த நாட்களில் சான்றிதழ், பணம், டிக்கெட் என்று ஓடவே நேரம் சரியாக இருக்கும். பேச நேரம் இருக்காது. எனவே தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதே இருவரும் உட்கார்ந்து நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வையுங்கள். ஒப்பந்தக் காலமும் சேர்த்து மொத்தம் எத்தனை ஆண்டு? அந்த ஆண்டுகளில் யாருடைய வருமானத்தில் வீடு ஓடும்? படிக்காதவரின் வேலையில் எவ்வளவு கடல் தாண்டும்? பிள்ளைகள் எந்த ஊர்ப் பள்ளியில் படிப்பார்கள்?

நான்குக்கும் பதில் கிடைத்தால் விருப்பப் பட்டியலை நிரப்புங்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் இல்லையென்றால், அந்த ஒன்றுக்காக இன்னொரு மாலையும் உட்கார்ந்து பேசுங்கள்.